பன்னிரண்டு நிமிட மேடை மேஜிக்: ஐட்டங்களுக்கு நடுவில் இருக்கிற வேலை

மேடையில் மேஜிக் செய்ய ஆசைப்படுகிறவருக்கு இன்று ஐட்டம் கிடைக்காத குறை கிடையாது. கயிறு, வளையம், சில்க், செய்தித்தாள் என்று எல்லாவற்றுக்கும் கடை இருக்கிறது, கற்றுத்தர வீடியோ இருக்கிறது. ஆனால் ஐந்து ஐட்டம் அருமையாகத் தெரிந்த ஒருவரை மேடையில் ஏற்றிப் பன்னிரண்டு நிமிடம் நிற்கச் சொன்னால் மூன்றாவது நிமிடத்திலேயே தடுமாறுவார். முடிந்த ஐட்டத்தை எங்கே வைப்பது, அடுத்ததை எங்கிருந்து எடுப்பது, அந்த ஏழெட்டு நொடி யாரைப் பார்ப்பது, என்ன பேசுவது என்று யாரும் அவருக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். குரு இல்லாமல், பக்கத்தில் ஒரு மேஜிக் சங்கமும் இல்லாமல் இதைத் தனியாகக் கட்டியவன் நான். அறுபதாயிரம் ரூபாய்க்கு மேல் செலவானது. அதில் பாதிக்கு மேல் மேடையே ஏறாத பொருளுக்குப் போனது. பணம் போனதைவிட, சரியாகத்தான் போகிறேனா என்று கேட்க ஓர் ஆள் இல்லாததுதான் அதிகம் வலித்தது. அந்த ஆள் உங்களுக்குக் கிடைக்கட்டும் என்று எழுதுகிறேன். எந்த ஐட்டத்தின் ரகசியத்தையும் இங்கே சொல்லப்போவதில்லை. அது அதைக் கண்டுபிடித்தவர்களுக்கும், நாளை அதைப் பார்த்து வாய் பிளக்கப்போகிற குழந்தைக்கும் செய்யும் துரோகம். மற்றதை எல்லாம் சொல்கிறேன்.

முதலில் நேரம். பள்ளி ஆண்டு விழா, கல்யாண வரவேற்பு, கோயில் திருவிழா, கம்பெனி குடும்ப தினம், எங்கே கூப்பிட்டாலும் "அரை மணி நேரம் பண்ணுங்க" என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். பன்னிரண்டு நிமிடம் இறுக்கமாகக் கட்டிவிட்டால் பிறகு அதை இருபது ஆக்கலாம். அரை மணி நேரத்தைத் தளர்வாகக் கட்டிவிட்டு அதிலிருந்து நல்ல பன்னிரண்டு நிமிடத்தை எடுப்பது மிகக் கடினம். உலக மேஜிக் போட்டியான எஃப்.ஐ.எஸ்.எம்மில் மேடை நிகழ்ச்சிக்கு அனுமதிப்பதே ஐந்து முதல் பத்து நிமிடம்தான். நேரம் கையில் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வங்காளத்து மேஜிக் கலைஞர் பி.சி. சர்க்காரின் 1956 பிபிசி நிகழ்ச்சியைச் சொல்வார்கள். 'பனோரமா'வில் ஒரு பெண்ணைச் சுழலும் ரம்பத்தால் இரண்டாக அறுக்கும் ஐட்டத்தைச் செய்தார். அவள் எழுந்து வருவதற்குள் ஒளிபரப்பு நேரம் முடிந்துவிட்டது. பெண் செத்துவிட்டாள் என்று நினைத்து மக்கள் தொலைபேசியில் மொய்த்தார்கள். அவருக்கு அது பெரிய விளம்பரமாகவே அமைந்தது. உங்களுக்கும் எனக்கும் அப்படி அமையாது. கீழே நிற்கிற ஒருங்கிணைப்பாளர் கைக்கடிகாரத்தைக் காட்டினால் கடைசி ஐட்டத்தை வெட்ட வேண்டியிருக்கும், அதோடு நிகழ்ச்சியின் உயிர் போய்விடும்.

ஐட்டத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நான்கு கேள்வி கேளுங்கள். இருபதாவது வரிசைக்குத் தெரியுமா? பக்கவாட்டில் ஆள் இருந்தாலும் செய்ய முடியுமா? விளக்கை அணைக்கச் சொல்லாமல் செய்ய முடியுமா? பத்து நிமிடத்தில் தனி ஆளாக ரீசெட் செய்ய, அதாவது அடுத்த நிகழ்ச்சிக்கு மறுபடி தயார் செய்ய முடியுமா? இந்த நான்கிலும் தேறுகிறவை எப்போதும் பழைய ஐட்டங்களாகத்தான் இருக்கும். எனக்கு நின்றவை இவை: தொடக்கத்துக்கு ஒன்றரை நிமிட சில்க், பார்வையாளர் ஒருவரோடு நான்கு நிமிடக் கயிறு (வெட்டிய கயிறு மறுபடி ஒன்றாவது), இசையோடு மூன்றரை நிமிட வளையங்கள் (ஒன்றோடொன்று கோத்துக்கொள்பவை), முடிவுக்கு மூன்று நிமிடச் செய்தித்தாள் (கிழித்த தாள் முழுதாகத் திரும்புவது). மொத்தம் பன்னிரண்டு. இரண்டாவது பலமான ஐட்டம் முதலில், மிகப் பலமானது கடைசியில் என்பது பழைய விதி, இன்றும் பொய்க்கவில்லை. அதைவிடக் குறைவாகப் பேசப்படுவது மாற்றம். சில்க்கில் பேச்சே இல்லை, கயிற்றில் பேச்சு, வளையத்தில் இசை, செய்தித்தாளில் மறுபடி பேச்சு. துணி, நூல், உலோகம், காகிதம். மூன்று ஐட்டத்திலும் பொருள் மறைந்து மறைந்து வந்தால், மூன்றாவது எவ்வளவு அற்புதமாக இருந்தாலும் முதலாவதையே திரும்பப் பார்ப்பதுபோல் ஜனங்கள் பார்ப்பார்கள்.

பணம் எங்கே போகிறது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெட்டி ஐட்டம். ஆளை வைத்துப் பூட்டுவது, வாள் செருகுவது, மிதக்க வைப்பது. பார்க்கப் பிரமாதமாக இருக்கும். ஆனால் அதைத் தூக்க வண்டி வேண்டும், பொருத்த ஒன்றரை மணி நேரம் வேண்டும், பழகிய உதவியாள் வேண்டும், மண்டபத்துப் படிக்கட்டில் அது ஏற வேண்டும். ஒரு நிகழ்ச்சிக்கு ஐயாயிரம் வாங்குகிற கட்டத்தில் வண்டிக்கும் ஆளுக்குமே அது தீர்ந்துவிடும். விற்கப் போனால் பாதி விலைகூடக் கிடைப்பதில்லை. முதல் இரண்டு வருடத்துக்கு ஒரு கைப்பெட்டியில் அடங்காத எதையும் வாங்காதீர்கள். அந்தப் பணத்தை நல்ல சில்க்குக்கும், நல்ல வளையத்துக்கும், ஒரு நல்ல தையல்காரருக்கும் கொடுங்கள்.

சில்க் என்றால் உண்மையான பட்டு. காஞ்சிப் பட்டு இதற்கு ஆகாது, கனம் அதிகம். வேண்டியது ஐந்து மாமி (momme, பட்டின் கனத்தைச் சொல்லும் அளவு) எடையுள்ள மெல்லிய சீனப் பட்டு. சதுர மீட்டருக்குச் சுமார் 22 கிராம்தான் வரும். பதினெட்டு அங்குலச் சதுரம் கைக்குள் அடங்கி, வெளியே வந்ததும் தானாக மலரும். பாலியஸ்டர் சாட்டினும் பளபளக்கும், விலையும் குறைவு. ஆனால் அமுக்கினால் அமுங்காது, விட்டால் தொய்ந்து விழும், மலராது. ஓரத் தையலையும் பாருங்கள். மெஷினில் மடித்துத் தைத்த ஓரம் தடித்திருக்கும். நான்கு சில்க்கின் தடித்த ஓரங்கள் சேர்ந்தால் ஐந்தாவது சில்க்குக்கு வேண்டிய இடத்தைத் தின்றுவிடும். கையால் சுருட்டித் தைத்ததே வேண்டும். நிறத்தில் சிவப்பு, மஞ்சள், மரகதப் பச்சை மூன்றும் மேடை விளக்கில் நன்றாக நிற்கின்றன. ஊதாவும் கருநீலமும் பத்தாவது வரிசைக்கு மேல் கறுப்பாகத்தான் தெரியும். முதல் நாள் இரவே மடித்து வைத்துவிட்டால் மறுநாள் மடிப்புக் கோடுகளோடு வரும், மலர்ச்சி பாதியாகும். நிகழ்ச்சிக்கு ஒரு மணி நேரம் முன்பு மடியுங்கள். முடிந்ததும் உடனே பிரித்து உதறி வையுங்கள். கடைசியாக வருவது மட்டும் முப்பத்தாறு அங்குலமாக இருக்கட்டும், அந்த அளவு வித்தியாசமே கைத்தட்டலை வாங்கித் தரும்.

கயிற்றில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள், ஏனென்றால் கயிறுதானே என்று நினைக்கிறார்கள். நைலான் கயிறு வழுக்கும், முடிச்சு நிற்காது, வெட்டினால் முனை பிரிந்து மயிராக நிற்கும். வேண்டியது எட்டு மில்லிமீட்டர் பருமனுள்ள, பின்னல் போட்ட, மென்மையான பருத்திக் கயிறு. கடையில் கிடைக்கும் பின்னல் கயிற்றின் உள்ளே பெரும்பாலும் தனியாக ஒரு திரி ஓடும். அதை உருவிவிட்டால் கயிறு குழைந்து கைக்கு வசமாகும். ஆனால் முழுவதும் உருவிய கயிறு தொங்கும்போது தட்டையாகி, தூரத்துக்குத் தெரியாமல் போகும். அதனால் வாங்கிய கயிற்றில் ஒரு மீட்டரை மட்டும் உருவிப் பார்த்து, பத்தடி தள்ளி நின்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். புதுக் கயிற்றில் கஞ்சி விறைப்பு இருக்கும், வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து நிழலில் உலர்த்தினால் போகும். முனைகளில் வெள்ளைப் பசை தொட்டு உருட்டிக் காயவைத்தால் பிரியாது. ஒரு நிகழ்ச்சிக்கு ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் தீரும். எப்போதும் மூன்று நிகழ்ச்சிக்கான கயிறு பெட்டியில் இருக்க வேண்டும், ஒரே சுருளிலிருந்து வாங்கியதாக இருக்க வேண்டும். இரண்டு சுருள்களின் வெள்ளை ஒன்றாக இருக்காது, விளக்கில் காட்டிக்கொடுத்துவிடும். கத்தரி எட்டு அங்குலத் தையல் கத்தரி. அதைக் காகிதம் வெட்ட யாருக்கும் தராதீர்கள். மழுங்கிய கத்தரி மேடையில் கயிற்றை வெட்டாமல் மென்றுகொண்டிருக்கும், அந்த மூன்று நொடியில் நிகழ்ச்சியின் தாளம் செத்துவிடும்.

கல்யாண வீட்டில் கயிற்று ஐட்டம் பற்றி ஒரு எச்சரிக்கை. புதுப்பெண் மேடையில் உட்கார்ந்திருக்கும்போது, முன்னால் நின்று "கயிற்றை அறுக்கப்போகிறேன்" என்று மைக்கில் சொன்னால் முதல் வரிசையில் இருக்கும் பெரியவர்களின் முகம் எப்படி மாறும் என்று யோசியுங்கள். மஞ்சள் கயிறாக இருந்தால் இன்னும் மோசம். வரவேற்புகளில் கயிற்று ஐட்டத்தை முழுவதுமாக விட்டுவிட்டு, அதே நான்கு நிமிடத்துக்கு இரண்டு சில்க்குகளை முடிச்சுப் போடும் ஐட்டத்தை வைத்துக்கொள்வது நல்லது. இணைப்பைப் பற்றிய ஐட்டம் அந்த இடத்துக்குப் பொருந்தவும் செய்யும். உடையும் அப்படியே. மேஜிக்காரர் என்றால் கறுப்புக் கோட்டு என்பது மேற்கத்திய வழக்கம். நம் கல்யாணத்தில் உடம்பு முழுக்கக் கறுப்போடு போய் நின்றால் பிடிக்காதவர்கள் உண்டு. மெரூன் அல்லது கரும்பச்சை பந்த்கலா கோட்டு அதே வேலையைச் செய்யும், வெள்ளைக் கயிறும் அதன்மேல் பளிச்சென்று தெரியும்.

வளையத்துக்கு நான்கு போதும். எட்டு வளையம் வைத்து எண்ணிக் காட்டும் பழைய பாணியைவிட நான்கு வளையம் இன்றைய கண்ணுக்குத் தெளிவாகப் பதிகிறது. மேஜிக் கலைஞர் டாய் வெர்னன் ஆறு வளையங்களுக்கு அமைத்த ரொட்டீனைத் தேடிப் பாருங்கள். ஒவ்வோர் அசைவுக்கும் ஒரு காரணம் இருப்பதை அதில்தான் கற்க முடியும். மேடைக்குப் பத்து அங்குல விட்டம் குறைந்தபட்சம், கை நீளமுள்ளவர்கள் பன்னிரண்டு வைத்துக்கொள்ளலாம். குரோம் பூசிய இரும்பு வளையம் கடலோர ஊர்களில் ஒரே மழைக்காலத்தில் புள்ளி விழும். துருப்பிடிக்காத எஃகு விலை கூடுதல், ஆனால் வருடக்கணக்கில் உழைக்கும். ஒவ்வொன்றையும் தனித்தனித் துணிப்பையில் வையுங்கள், உரசிய கீறல் விளக்கில் தெரியும். எண்ணெய் தடவாதீர்கள், வியர்வையோடு சேர்ந்தால் வளையம் கையில் நிற்காது. பாக்கெட்டில் ஒரு பருத்திக் கைக்குட்டை மட்டும் போதும். செய்யும்போது எல்லோரும் செய்கிற தவறு வேகம். இரண்டு வளையம் முதல் முறை கோத்துக்கொண்டதும் எட்டு நொடி ஒன்றும் செய்யாதீர்கள். தூக்கிப் பிடித்து, லேசாக ஆட்டி, அவர்கள் பார்த்து முடிக்கட்டும். அந்த எட்டு நொடியைக் கொடுக்காவிட்டால் அடுத்த மூன்று நிமிடமும் உலோகச் சத்தம்தான் மிஞ்சும்.

செய்தித்தாளில் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. வீட்டுத் திண்ணையில் கிடக்கிற பொருள், விரித்தால் இரண்டடிக்கு மேல் அகலம், கிழிக்கும் சத்தமே கடைசி வரிசைவரை போகும். நியூஸ்பிரிண்ட்டுக்கு ஓட்டம் உண்டு. பெரிய அளவு நாளிதழ்களில் மேலிருந்து கீழாக, பத்தி போகிற திசையில் கிழித்தால் நேராகப் போகும். குறுக்கே கிழித்தால் பல் பல்லாக, வளைந்து ஓடும். அதனால் முதல் இரண்டு கிழிசலும் நெடுக்கில் இருக்கட்டும், குறுக்கில் கிழிக்க வேண்டியபோது விரல்களைக் கிழியும் இடத்துக்குப் பக்கத்திலேயே வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் போங்கள். தாள் இரண்டு வாரத்துக்கு மேல் பழசானால் மஞ்சளிக்கும், ஈரக்காற்றில் விறைப்பு போய்ச் சத்தம் செத்துவிடும். ஆகவே மொத்தமாகத் தயாரித்து அடுக்கி வைக்காதீர்கள், இரண்டு நிகழ்ச்சிக்கு மட்டும் தயார் செய்து பிளாஸ்டிக் உறையில் தட்டையாக வையுங்கள். எந்தப் பக்கம் என்பதும் முக்கியம். வண்ண விளம்பரம் பெரிதாக உள்ள பக்கத்தை எடுத்தால், முழுதாகத் திரும்பி வந்தது தூரத்திலிருந்தே தெரியும். சாமி படம், கட்சித் தலைவர் படம், முதலமைச்சர் படம் உள்ள தாளை மேடையில் கிழிக்காதீர்கள். கண்ணீர் அஞ்சலி விளம்பரம் உள்ள பக்கத்தைச் சுப காரியத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டே தாளைத் தேர்ந்தெடுங்கள். நகைக்கடை, ஜவுளிக்கடை விளம்பரப் பக்கங்கள் எந்தக் கூட்டத்துக்கும் பொருந்தும். இதைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம், முடியும்போது இரண்டு கையும் விரிந்து, முகம் நிமிர்ந்து, கும்பிடுவதற்கு முந்தின நிலையில் உடம்பு தானாகவே நிற்கிறது. கீழே குனிந்து பொறுக்கவும் ஒன்றுமில்லை.

இனி நான் எழுத உட்கார்ந்த விஷயத்துக்கு வருகிறேன். நான்கு ஐட்டத்துக்கு நடுவில் மூன்று இணைப்பு. வீடியோ எடுத்து, இணைப்பு ஒவ்வொன்றும் எத்தனை நொடி என்று எண்ணிப் பாருங்கள். பழகாதவருக்குப் பத்துப் பன்னிரண்டு நொடி ஆகும், அதில் முதுகைக் காட்டியபடி மேசையில் துழாவுவதும் சேர்ந்திருக்கும். நான்கு நொடிக்குள் வர வேண்டும். வழி இதுதான்: அடுத்த பொருளை முந்தைய ஐட்டத்தின் ஒரு பகுதியாகவே ஆக்கிவிடுவது. கயிறு தொடக்கத்திலிருந்தே ஒரு வெறும் மைக் ஸ்டாண்டில் எல்லோர் கண்ணெதிரேயும் தொங்கட்டும். சில்க் ஐட்டத்தின் கடைசிப் பெரிய சில்க்கை மேசை விளிம்பில் தொங்கவிட்டுத் திரும்பும் அதே அசைவில் மற்ற கை கயிற்றை எடுத்துவிடும். கயிற்று ஐட்டம் முடிந்து, உதவ வந்தவர் படியிறங்கும்போது அரங்கம் முழுவதும் அவரைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருக்கும். நீங்களும் அவரைப் பார்த்துக் கைதட்டிவிட்டு, அந்த ஆறேழு நொடியில் கத்தரியை அதன் இடத்தில் வைத்து, கயிற்றைப் பைக்குள் போட்டு, வளையத்தைக் கையில் எடுத்துவிடலாம். ஒருவரும் உங்களைப் பார்க்க மாட்டார்கள். நிகழ்ச்சி முழுவதிலும் இலவசமாகக் கிடைக்கும் நேரம் அது ஒன்றுதான். வளையம் முடியும்போது, கடைசி வளையத்தை மேசையில் வைக்கும் அசைவும் இசையின் கடைசித் தட்டும் ஒன்றாக விழ வேண்டும். செய்தித்தாள் முதலிலிருந்தே நாற்காலியில் கிடக்கும். சும்மா எடுத்து விரித்து ஒரு தலைப்பை வாசிக்கத் தொடங்கினாலே அடுத்த ஐட்டம் ஆரம்பமாகிவிடும்.

சர்க்கார் செய்த 'வாட்டர் ஆஃப் இந்தியா'வை இந்தக் கண்ணோட்டத்தில் பாருங்கள். ஒரு சொம்பு. அதிலிருந்து தண்ணீரை முழுவதும் கொட்டிவிட்டு வேறு ஐட்டத்துக்குப் போவார். கொஞ்ச நேரம் கழித்து வந்து மறுபடி கொட்டுவார். நிகழ்ச்சி முடியும்வரை அந்தச் சொம்பில் தண்ணீர் வற்றாது. தனியாக எடுத்தால் அது சிறிய ஐட்டம்தான். ஐட்டங்களுக்கு நடுவே வைத்ததால்தான் அத்தனை பெரிய நிகழ்ச்சியையும் ஒன்றாகத் தைத்தது. உங்கள் பன்னிரண்டு நிமிடத்திலும் அப்படித் திரும்பத் திரும்ப வரும் ஒரு சிறு பொருளுக்கு இடம் தேடுங்கள்.

பைகளுக்கு ஒரே சட்டம்: எடுக்கிற பை வேறு, போடுகிற பை வேறு. வலது வெளிப்பை எடுப்பதற்கு என்றால் நிகழ்ச்சி முடியும்வரை அதில் எதையும் போடக் கூடாது. முடிந்த கயிறும் சில்க்கும் இடது பைக்கே போக வேண்டும். தையல்காரரிடம் சொல்லிப் பை வாயின் உள்பக்கம் காலர் கேன்வாஸ் துண்டு வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். வாய் எப்போதும் அரை அங்குலம் திறந்தபடி நிற்கும், கை தேடாமல் உள்ளே போகும். பை ஆழம் மணிக்கட்டு வரைக்கும் போதும், அதற்கு மேல் போனால் தோள் சாய்ந்து காட்டிக்கொடுக்கும். இதற்கு ஆன சில நூறு ரூபாய்தான் இந்தத் துறையில் நான் செலவழித்த பணத்திலேயே அதிகப் பலன் தந்தது. மேசை உயரம் உங்கள் பெல்ட் மட்டத்துக்கு இருக்கட்டும். அதைவிடத் தாழ்ந்தால் ஒவ்வொரு முறையும் குனிய வேண்டும், உயர்ந்தால் உங்கள் உடம்பை மறைக்கும். மேலே தடித்த வெல்வெட் ஒட்டுங்கள், வளையத்தையும் கத்தரியையும் வைக்கும் சத்தம் மைக்கில் விழாது. எல்லாம் தயாரானதும் மேசையையும் நாற்காலியையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு, அடுத்த முறை அந்தப் படத்தைப் பார்த்தே அடுக்குங்கள். நினைவை நம்ப வேண்டாம்.

பேச்சை எழுதிவைத்தே பழக வேண்டும். நிமிடத்துக்குத் தொண்ணூறு நூறு சொல்லுக்கு மேல் போகாதீர்கள், கைத்தட்டலுக்கும் சிரிப்புக்கும் இடம் வேண்டும். "இது ஒரு சாதாரண கயிறு" என்று சொன்ன நொடியில் அது சாதாரணமாக இல்லாமல் போய்விடுகிறது. கண்ணுக்குத் தெரிவதை வாயால் சொல்லாதீர்கள். "இப்போது கயிற்றை வலது கைக்கு மாற்றுகிறேன்" என்பது பார்வையற்றவருக்குச் சொல்லும் வர்ணனை, இங்கே வேண்டியதில்லை. கயிறு என்றால் கிணறு, ஊஞ்சல், மாடு, கோயில் தேர் என்று நம்மிடம் எத்தனையோ இருக்கிறது. அதிலிருந்து ஒரு கதையைப் பிடியுங்கள். உதவ வந்தவரின் நிறத்தை, உடம்பை, ஆங்கிலத்தை வைத்துச் சிரிக்க வைக்காதீர்கள். அவர் நம்மை நம்பி மேடையேறியவர். ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது எம்பிக் குதித்துக் கை தூக்குகிற பையனை விட்டுவிட்டு, பார்த்துச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற குழந்தையைப் பாருங்கள். குதிக்கிறவன் மேடையில் உங்கள் பைக்குள் கை விடுவான். பக்கத்தில் இருக்கும் பெற்றோரிடம் கேட்டு அழையுங்கள், படியேறக் கை கொடுங்கள், பெயரைக் கேட்டு மூன்று முறையாவது சொல்லுங்கள். கத்தரியைக் குழந்தை கையில் எக்காரணம் கொண்டும் தராதீர்கள். அவர் நிற்க வேண்டிய இடத்தில் முன்பே தரையில் டேப் ஒட்டிவிட்டால், உங்களுக்கு ஆங்கிள் ஆகாத, ரகசியம் தெரிந்துவிடுகிற பக்கம் அவர் வந்து நிற்க மாட்டார்.

ஒத்திகைக்குக் கண்ணாடி முதல் வாரத்துக்கு மட்டும். கண்ணாடி முன் பழகுகிறவர் சரியாக அந்த நுட்பமான நொடியில் கண்ணைச் சிமிட்டப் பழகிவிடுவார். தன்னையே ஏமாற்றிக்கொள்வது அது, தனக்குத் தெரியவும் தெரியாது. பிறகு போன் கேமரா. நடுவில் ஒன்று, இடது ஓரம், வலது ஓரம், மேடைக்கு முன் தரையில் உட்கார்ந்த உயரத்தில் ஒன்று என்று நான்கு இடத்திலிருந்தும் எடுங்கள். மூன்று நான்கடி உயர மேடையில் நிற்கும்போது முதல் வரிசை உங்கள் கையைக் கீழிருந்து பார்க்கிறது, பால்கனி மேலிருந்து பார்க்கிறது. வீட்டில் இரண்டும் தெரியாது. இணைப்புகளைத் தனியாகப் பிரித்துப் பழகுங்கள்: சில்க்கின் கடைசிப் பத்து நொடியும் கயிற்றின் முதல் பத்து நொடியும் சேர்த்து ஒரு துண்டு. ஐட்டம் தவறினால் என்ன சொல்லி எப்படிக் கடப்பது என்பதும் ஒத்திகையில் இருக்க வேண்டும். வளையம் கீழே விழுந்தால் குனிந்து தேடாமல் மற்ற மூன்றோடு முடிக்கும் வழி, கயிறு சிக்கினால் சிரித்துக்கொண்டே உதறிவிட்டு முதலிலிருந்து தொடங்கும் வசனம். இவை இருந்தால்தான் கை நடுங்காது.

மண்டபத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே போய்விடுங்கள். முதலில் பார்க்க வேண்டியது மின்விசிறி. மேடையோரச் சுவர் விசிறி சில்க்கைப் பறக்கடிக்கும், செய்தித்தாளை முகத்தில் அப்பும். பன்னிரண்டு நிமிடத்துக்கு அந்த இரண்டு விசிறியை மட்டும் நிறுத்தச் சொன்னால் நிறுத்துவார்கள், முன்கூட்டியே சுவிட்சைக் காட்டி வைத்துவிடுங்கள். பின்னால் எல்இடி திரை இருந்தால் வெளிச்சத்தைக் குறைத்து, அசையாத அடர்நிறம் ஒன்றை வைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் வெறும் நிழல்தான். கல்யாணத்தில் வீடியோகாரர் மேடையேறி உங்கள் தோளுக்குப் பின்னால் வந்து நிற்பார், அவர் வேலை அது. முன்பே போய், "அண்ணே, பன்னிரண்டு நிமிஷம் கீழ முன்னாடி நின்னே எடுத்துக்குங்க" என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஜிம்மி ஜிப் (கிரேன் கேமரா) இருந்தால் அதன் காட்சி நேரடியாகத் திரைக்குப் போகிறதா என்று பாருங்கள். மேலிருந்து எடுத்ததை ஐந்நூறு பேருக்குப் பெரிதாகக் காட்டினால் எந்த ஆங்கிளும் மிஞ்சாது. முன் கேமரா காட்சியை மட்டும் போடச் சொல்லுங்கள்.

இசையை இரண்டு பென்டிரைவிலும் போனிலும் வைத்திருங்கள். கோப்புகளுக்கு 01, 02 என்று வரிசை எண் கொடுங்கள். சவுண்ட்காரரின் பிளேயர் ஒரு பாட்டு முடிந்ததும் அடுத்ததைத் தானாக ஓட்டிவிடும். அதனால் ஒவ்வொரு கோப்பின் முடிவிலும் ஐந்து நிமிட வெறும் மௌனத்தைச் சேர்த்துவிடுங்கள், பிறகு அவர் சாப்பிடப் போனாலும் பயமில்லை. எல்லாக் கோப்பும் ஒரே சத்த அளவில் இருக்கட்டும். சினிமாப் பாட்டு வேண்டாம். ஜனங்கள் கூடவே பாட ஆரம்பித்துவிட்டால் கையைப் பார்க்க மாட்டார்கள். மைக் கட்டாயம் தலையில் மாட்டுவதாக இருக்க வேண்டும். கையில் பிடிக்கும் மைக்கோடு கயிற்று ஐட்டம் செய்ய முடியாது, காலர் மைக்கில் சில்க் உரசும் சத்தம் விழும். சொந்தமாக ஒன்று வாங்கிவிடுங்கள், புது பேட்டரியோடு போங்கள், அதன் பெட்டியைப் பை இல்லாத பக்கம் இடுப்பில் மாட்டுங்கள்.

நெருப்பு, உயிர்கள் இரண்டையும் தள்ளி வைக்கச் சொல்வேன். பளிச்சென்று எரிந்து மறையும் ஃபிளாஷ் பேப்பர் என்பது நைட்ரோசெல்லுலோஸ், சட்டென்று தீப்பற்றும் பொருள். உலர்ந்த நிலையில் ஒரு பொறி போதும். ஷாமியானாவும் தெர்மாகோலும் பிளாஸ்டிக் பூவும் நிறைந்த மேடையில் அதற்கு இடமில்லை. புறாவோ முயலோ வைத்துச் செய்ய, 2001ஆம் ஆண்டின் காட்சி விலங்குகள் பதிவு விதிகளின்படி விலங்கு நல வாரியத்தில் பதிவு வேண்டும். பதிவு செய்தாலும், சத்தமும் வெக்கையும் நிறைந்த மண்டபத்தில் கோட்டுக்குள் ஒரு பறவையை வைத்திருப்பது எனக்கு மனம் ஒப்பாத காரியம். ஆபத்தான ஐட்டங்கள் பழகப் பழகப் பயம் விட்டுப்போவதால்தான் கொல்லும். சுங் லிங் சூ என்ற பெயரில் புகழ்பெற்ற வில்லியம் ராபின்சன், துப்பாக்கிக் குண்டைப் பிடிக்கும் ஐட்டத்தைப் பல வருடங்கள் செய்தவர். 1918 மார்ச்சில் லண்டன் மேடையில், தேய்ந்துபோயிருந்த அந்தத் துப்பாக்கி உண்மையாகவே சுட்டுவிட்டது, மறுநாள் இறந்தார். நம் கத்தரியும் மேசைக் காலும் மைக் ஒயரும் அவ்வளவு கொடியவை இல்லைதான், ஆனாலும் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் முன் ஒருமுறை கையால் தொட்டுப் பார்த்துவிடுங்கள்.

பணம் பேசும்போது பாதி முன்பணம் வாங்கிவிடுங்கள், போக்குவரத்தைத் தனியாகச் சொல்லுங்கள், எத்தனை மணிக்கு மேடை என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். ஏழு மணி என்று கூப்பிட்டுப் பத்து மணிக்கு ஏற்றினால் தயாராக மடித்து வைத்த சில்க் எல்லாம் கோடு விழுந்துபோகும், மறுபடி மடிக்க ஓர் அறையும் பதினைந்து நிமிடமும் கேளுங்கள். முடிந்ததும் பிள்ளைகள் ஓடிவருவார்கள், மேசையில் இருப்பதைத் தொட்டுப் பார்க்கத்தான். கும்பிட்டுவிட்டு நேராகப் போய் எல்லாவற்றையும் பெட்டியில் போட்டுப் பூட்டுங்கள், கத்தரி உள்ளே போனதைக் கண்ணால் பாருங்கள், பிறகு இறங்கிப்போய் அவர்களோடு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசுங்கள். அவர்களுக்காகச் சட்டைப்பையில் ஒரு நாணயமும், அதை வைத்துச் செய்ய ஒரு சின்ன ஐட்டமும் தனியாக இருக்கட்டும்.